கொக்கி மாட்டச் சொன்ன நேரம்

ரஞ்சிதம் அக்காவுக்கு வருஷத்தில் ஒரு நாள்தான் வாய் உண்டு. மற்ற நாளெல்லாம் அவள் வாயைத் திறப்பது சாப்பிடவும் கொட்டாவி விடவும்தான். இதைச் சொல்கிற நான் மலர், அவளுக்கு ஓரகத்தி. அவள் புருஷன் நாகப்பனுக்குத் தம்பிதான் என் வீட்டுக்காரர். மலாய் நாட்டு மலையில், ரிங்லெட்டுக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வரிசையில் இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர். அந்தப் பக்கம் கடுகு வெடித்தால் இந்தப் பக்கம் கேட்கும். அந்தச் சுவரைத் தாண்டி எப்போதும் போவது என் சத்தம் மட்டும்தான் என்று லயமே சொல்லும். சொல்லட்டும். பேசாமல் இருந்து யார் என்ன கண்டார்கள்?

அக்கா பதினாறு வயதில் கூடை மாட்டியவள். முதலில் கையால் கிள்ளினாள். பிறகு கத்தரி கொடுத்தார்கள், கத்தரியால் வெட்டினாள். அப்புறம் மெஷின் வந்தது, அதைத் தூக்க வங்காளதேசத்துப் பையன்கள் வந்தார்கள், அக்காவை நாற்றுப் பந்தலுக்கு அனுப்பிவிட்டார்கள். மண் நிரப்பிய பைகளில் தேயிலைக் குச்சி ஊன்றுகிற வேலை. மழையிலும் நில்லு என்று வேலையை மேற்பார்க்கிற கிராணி சொன்னால் நிற்பாள். நாகப்பன் மாமா அந்தக் காலத்தில் குடித்துவிட்டு வந்து சட்டியை விட்டெறிந்தால் சட்டியைப் பொறுக்குவாள். “நீ ஒண்ணும் சொல்ல மாட்டியாக்கா?” என்று கேட்டால், “சொல்லி என்ன மலரு” என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆனால் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் அவள் தலையில் கரகத்தை வைத்துவிட்டால் கதையே வேறு. கண் மேலே செருகும், நாக்கு வெளியே தள்ளும், கால் தள்ளாடும், பேச்சு குழறும். அந்தக் குழறலுக்கு நடுவிலிருந்து கட்டளை வரும். “டேய் நாகப்பா!” என்று புருஷனையே கூப்பிடுவாள். மாமா சாஷ்டாங்கமாக விழுவார். அப்படி விழுந்த ஒரு வருஷம்தான் அவர் சம்சு சாராயத்தை விட்டார், அதற்குப் பிறகு தொட்டதில்லை. கோயில் தலைவர் தங்கையா, மகள் சுபத்ராவின் படிப்பை நிறுத்திவிட்டு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார். “எம் புள்ளையப் படிக்க வைடா” என்று அம்மன் அவர் தலையில் வேப்பிலையால் அடித்தாள். சுபத்ரா இன்று கம்பாரில் டீச்சர். எனக்குக் கல்யாணமாகிச் சில வருஷம் பிள்ளையில்லை. மாமியார் என்னைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பப் பெட்டியெல்லாம் கட்டிவிட்டாள். அம்மன் வாசலுக்கு வந்து, “இவ போனா நானும் போயிருவேன்” என்றாள். பெட்டியை மாமியாரே அவிழ்த்தாள்.

நான் நன்றி கெட்டவள் இல்லை. ஆனாலும் எனக்குச் சாமி உண்டு, சாமியாட்டம் கிடையாது. “கிராணி திட்டுறப்ப மட்டும் அம்மா ஏன் வர மாட்டேங்குறா?” என்று குழாயடியில் எல்லாருக்கும் முன்னால் கேட்டவள் நான். அதனால் லயத்தில் எனக்கு என்ன பெயர் என்று சொல்ல வேண்டியதில்லை. அக்கா மட்டும் கோபித்துக்கொள்ள மாட்டாள். சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

இந்த வருஷம் திருவிழா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அக்காவுக்கு ரத்தக்கொதிப்பு உண்டு. கிளினிக்கில் மாத்திரை கொடுத்து, சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்லியிருந்தார்கள். கரகம் தூக்குகிறவளுக்கு விரதம். பகலெல்லாம் பட்டினி, பொழுது சாய்ந்த பிறகு கொஞ்சம் பாலும் பழமும். சாப்பாடே இல்லாதபோது சாப்பாட்டுக்குப் பிறகு என்பது எங்கே வரும்? விரதம் தொடங்கிய நாளிலிருந்து அவள் மாத்திரையைத் தொடவே இல்லை. இது எனக்கு ஆம்புலன்ஸில்தான் தெரிந்தது. முன்னமே தெரிந்திருந்தால் அவள் வாயைப் பிளந்து போட்டிருப்பேன்.

விடிந்தும் விடியாமலும் ஓடைக் கரையில் கரகம் ஜோடித்தார்கள். உறுமி அடித்ததும் அக்காவுக்கு அருள் வந்துவிட்டது. அப்போது ஆறு மணி. அங்கிருந்து ஊர்வலம் ஒவ்வொரு லயமாகப் போய், முச்சந்தியில் ஈசா பாய் கடைக்கு முன்னால் வந்து நின்றது. பாய் வருஷா வருஷம் வாசலில் அண்டா நிறைய சிராப் சர்பத் கலக்கி வைப்பார். உறுமிக்காரர்கள் மேளத்தைக் கீழே வைத்துவிட்டுக் குடிக்கப் போனார்கள். ஊரே கொஞ்ச நேரம் அமைதியானது. கடைக்குள் ரேடியோவில் பதினோரு மணிச் செய்தி தொடங்கியது. நான் மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு அக்காவுக்குப் பின்னால் நின்றேன்.

பிரிஞ்சாங் டவுன் டெய்லர் அவளுக்கு இந்த வருஷம் முதுகுப் பக்கம் கொக்கி வைத்த ரவிக்கை தைத்துக் கொடுத்திருந்தான். நானும் நன்றாகக் கேலி செய்திருந்தேன். அக்கா தலையைத் திருப்பவில்லை, உதடு மட்டும் அசைந்தது.

“மலரு, பின்னால கொக்கி கழண்டுக்கிச்சு. மாட்டி வுடு. சட்டுனு.”

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து உப்புக் கேட்கிற அதே குரல். ஒரு எழுத்துக்கூடக் குழறவில்லை. குடத்தை இறக்கி வைத்துவிட்டு நான் கொக்கியை மாட்டினேன். நான் மாட்டி முடிக்கிறவரை அவள் இரண்டு கையையும் தூக்கிக் கரகத்தை ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். உறுமி மறுபடி தொடங்கியது, அக்கா மறுபடி அம்மனாகிவிட்டாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இதை வைத்தே அடுத்த திருவிழாவரை அவளை ஓட்டலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

கோயில் வாசலுக்கு வந்ததும் அக்கா உட்கார்ந்துவிட்டாள். கரகம் தலையில் இருக்கும்போது உட்காரும் வழக்கமே கிடையாது. பூசாரி ஓடிவந்து கரகத்தை இறக்கினார். அக்கா எதையோ சொல்ல முயன்றாள், ஒரு சத்தம் வந்ததே தவிர வார்த்தை வரவில்லை.

“அம்மா கோவமா இருக்கா!” என்றார் தங்கையா. “என்ன கொற வச்சோம் தாயே, சொல்லு!”

நாலைந்து பெண்கள் அவள் காலடியில் விழுந்து குறி கேட்டார்கள். அவளுடைய இடது கடைவாயில் எச்சில் வழிந்தது. அருள் வந்தால் எச்சில் வழிவது உண்டுதான். ஆனால் ஒரு பக்கமாக மட்டும் வழிந்து நான் பார்த்ததில்லை. அந்தப் பக்கத்துக் கன்னமே தொங்கிக் கிடந்தது.

“அக்காவுக்கு ஒடம்புக்கு என்னமோ ஆயிருச்சு. தள்ளுங்க!” என்றேன்.

“இன்னிக்காவது வாய மூடுலா மலரு,” என்று தங்கையா சீறினார். “ஒன்னாலதான் அம்மாவுக்கு இம்புட்டுக் கோவம்.”

அக்கா மேல் சாமி இல்லை என்று இத்தனை வருஷமாகச் சொன்னவள் நான். இன்றும் அதையே சொன்னால் யார் நம்புவார்கள்?

எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையில் வாங்கி வாயில் போட்டுக்கொண்டால் சாமி மலையேறிவிடும். அது எங்கள் கோயில் வழக்கம். மாமா கற்பூரத்தைக் கொளுத்தினார். அக்காவின் வலது கையில் வேப்பிலை இருந்ததால் இடது கையை விரித்து அதில் வைத்தார். கை அப்படியே துவண்டு விழுந்தது. கற்பூரம் சேலையில் விழுந்து எரிந்தது. மாமா வெறும் கையாலேயே அடித்து அணைத்தார். அபசகுனம் என்று பெண்கள் அலறினார்கள். அக்கா மட்டும் தன் சேலை எரிவதைப் பார்க்கவே இல்லை. இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாததுபோல் இருந்தாள். அவள் கண் என்னைத்தான் பார்த்தது.

“மாமா, அவ கண்ணப் பாருங்க!” என்று கத்தினேன். “சாமி பயப்படுமா? அவ பயந்துபோயி கெடக்கா மாமா!”

மாமா குனிந்து பார்த்தார். எத்தனை வருஷம் தாலி கட்டிக் குடித்தனம் நடத்தியவர், அந்தக் கண் அவருக்குத் தெரியாதா? அவளை அள்ளித் தூக்கினார். நான் முச்சந்திக்கு ஓடி ஈசா பாயைக் கூப்பிட்டேன். பாய் கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு வேனை எடுத்தார். பூசை முடியாமல் அம்மா தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது என்று தடுத்த தங்கையா, தடுக்க முடியாது என்று தெரிந்ததும் திருநீற்றுத் தட்டோடு அவரும் ஏறிக்கொண்டார்.

மேலே டவுனில் இருந்த ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்தவர் அஸ்லினா என்கிற இளம் டாக்டர். அக்காவைச் சிரிக்கச் சொன்னார், கையைத் தூக்கச் சொன்னார், கண்ணில் விளக்கடித்தார். பக்கவாதம் என்று உடனே சொல்லிவிட்டார். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் கட்டி வந்து அடைத்திருக்கிறது, அந்தக் கட்டியைக் கரைக்க மருந்து உண்டு, ஆனால் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுத்த பிறகுதான் போடுவார்கள் என்றார். நோய் தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். நேரம் தப்பிய பிறகு போட்டால் மூளைக்குள்ளே ரத்தம் கசிந்து ஆளே போய்விடலாம்.

“அதனால் யோசித்துச் சொல்லுங்கள்,” என்று மலாயில் கேட்டார். “இவர் கடைசியாக நன்றாக இருந்தது எப்போது?”

அப்போது பன்னிரண்டரை மணி ஆகியிருந்தது. மாமா கையைக் கட்டிக்கொண்டு உண்மையைத்தான் சொன்னார். அவருக்குத் தெரிந்த உண்மை.

“காலைல ஆறு மணிக்கு டாக்டர். அதுக்கப்பறம் அவ அவளா இல்ல. அம்மா அவ மேல எறங்கிட்டா.”

டாக்டருக்குப் புரியவில்லை. தங்கையா தன் போனை எடுத்து ஊர்வலத்தைப் படம் பிடித்ததைக் காட்டினார். ஒன்பது மணிக்கு எடுத்த படம். அதில் அக்கா தள்ளாடுகிறாள், நாக்கு வெளியே தொங்குகிறது, கண் செருகியிருக்கிறது, பேச்சு குழறுகிறது. டாக்டரின் முகம் மாறிப்போனது. ஒன்பது மணிக்கே இப்படியா, காலையிலிருந்து தெளிவாக ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையா என்று கேட்டார்.

“பேசலங்க. அம்மா பேச்சு எப்பவும் இப்படித்தான்,” என்றார் தங்கையா, பெருமையோடு.

டாக்டர் ஈப்போவுக்குப் போன் போட்டார். கடைசியாக நன்றாக இருந்தது ஆறு மணி என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. ஆறோடு நாலரையைக் கூட்டினால் பத்தரை. மருந்துக்கான நேரம் ஊர்வலத்திலேயே முடிந்துபோனது என்று அர்த்தம். இனி அக்கா இப்படியே இழுத்துப் போன வாயோடும் செத்த கையோடும் கிடப்பாள்.

அந்த இடத்தில் என்னால் சும்மா இருக்க முடியுமா? சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அக்காவுக்கு இந்த உலகத்தில் இருந்தது அந்த ஒரு நாள்தான். கிராணியும் தலைவரும் புருஷனும் அவள் காலடியில் கிடக்கிற ஒரே நாள். அதை நான் என் வாயால் உடைக்க வேண்டும், அதுவும் அவள் காது கேட்க. நாக்குத்தான் போயிருந்ததே தவிர அவளுக்கு எல்லாம் புரிந்துகொண்டிருந்தது.

“ஆறு மணி இல்ல டாக்டர். பதினோரு மணி,” என்றேன். “பதினோரு மணிக்கு என்கூடப் பேசினா.”

டாக்டர் போனைக் கையால் பொத்திக்கொண்டு என்ன பேசினாள் என்று கேட்டார். ஆம்பிளைகள் நடுவே அதை மலாயில் சொல்லி முடிப்பதற்குள் என் காது மடல் சுட்டது. முதுகில் கொக்கி கழன்றதும் மாட்டச் சொன்னாள், நான் மாட்டினேன், இரண்டு கையாலும் கரகத்தைப் பிடித்துக்கொண்டாள், அப்போது கடை ரேடியோவில் பதினோரு மணிச் செய்தி.

“பொய்!” மாமா பாய்ந்து வந்தார். “பொய் சொல்றா டாக்டர். இவளுக்குச் சாமின்னாலே ஆவாது. ஊரக் கேளுங்க!”

“கரகம் தலையில இருக்கையில அம்மா கொக்கி மாட்டச் சொன்னாளாம்,” தங்கையா குரலை உயர்த்தினார். “எவ்வளவு துணிச்சல் இருந்தா இத இங்க வந்து சொல்லுவ?”

மாமா என் பக்கம் திரும்பினார். அவர் குரல் உடைந்திருந்தது. “நீ சொல்ற நேரம் தப்பாப் போயி, அந்த மருந்தால அவ செத்தா? யாரு பதில் சொல்றது மலரு?”

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் நான் கேட்டது கேட்டதுதான், மாட்டியது மாட்டியதுதான். டாக்டர் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எங்களை விட்டுவிட்டு அக்காவின் தலைமாட்டுக்குப் போய்க் குனிந்தார்.

“மக்சிக்,” என்று மலாயில் அத்தை முறை வைத்துக் கூப்பிட்டார். “நான் சொல்வது புரிந்தால் கண்ணை மூடித் திறங்கள்.”

அக்கா கண்ணை மூடித் திறந்தாள்.

“இவர் சொல்வது உண்மையா? கொக்கியை மாட்டச் சொன்னீர்களா? உண்மை என்றால் தலையை அசையுங்கள்.”

அக்கா அசைக்கவில்லை. முதலில் தங்கையாவைப் பார்த்தாள். அவர் திருநீற்றுத் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். பிறகு மாமாவைப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தில் முள் ஓடிக்கொண்டிருந்தது. அடிப்பாவி, இதற்குமா யோசிக்கிறாய் என்று எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

“தலைய ஆட்டுடி!” என்று கத்தினேன். ஒரு நாளும் அவளை நான் ‘டி’ போட்டுப் பேசியதில்லை. “இவுங்க கும்புடலைன்னா என்னடி, நான் கும்புடுறேன் ஒன்னய. தலைய ஆட்டு!”

அக்காவின் கண்ணில் தண்ணீர் கட்டியது. வலது கையைத் தூக்கினாள். கை மெல்லத் தோளுக்கு மேலே போய்ப் பின்பக்கம் வளைந்து, நான் மாட்டிய அந்தக் கொக்கியைத் தொட்டது.

மாமா நாற்காலியில் சரிந்தார். தங்கையா திருநீற்றுத் தட்டோடு வெளியே போய்விட்டார். டாக்டர் போனில், “பதினொன்று. உறுதியாகப் பதினொன்று,” என்றார்.

பார்த்தவள் நான் என்பதால் என்னைத்தான் ஆம்புலன்ஸில் ஏறச் சொன்னார்கள். மாமா ஈசா பாயின் வேனில் பின்னால் வந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பிரிஞ்சாங் தாண்டுகிறவரை வண்டிமேல் வண்டி. ஸ்ட்ராபெரி வாங்க வந்த கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. சைரன் அலறியும் ஒதுங்க இடமில்லாமல் கார்கள் முழித்தன. கண்ணாடி வழியே அவர்களைப் பார்த்து எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொன்னேன். ஒருத்தனுக்கும் கேட்டிருக்காது. உள்ளே இருந்த ஆம்புலன்ஸ் ஊழியர் அக்காவின் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு மாத்திரை போடுகிறாரா என்று கேட்டார். அக்கா இல்லை என்று தலையை ஆட்டினாள். அப்போதுதான் விரதக் கதை எனக்கு விளங்கியது. அழுத்தம் இப்படியே இருந்தால் நேரம் இருந்தாலும் மருந்து போட மாட்டார்கள் என்றார்.

அக்கா வலது கையால் என் கையை நகம் பதியப் பிடித்திருந்தாள். அது கோபமா பயமா என்று எனக்குத் தெரியவில்லை. தூங்கிவிடுவாளோ என்று பயந்து வாய் ஓயாமல் பேசினேன். குழாயடிச் சண்டை, கிராணி பொண்டாட்டியின் புதுச் சங்கிலி, கோழி விலை. மலைப் பாதையின் வளைவுகளில் எனக்கு வாந்தி முட்டியது. விழுங்கிக்கொண்டு பேசினேன்.

ஈப்போவில் ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக் கசிவு இல்லை என்று தெரிந்தது. ஆனால் அழுத்தம் இறங்கவில்லை. அதை இறக்க வேறொரு மருந்தை ஏற்றினார்கள். மூன்று மணி ஆயிற்று. மூன்றரையோடு மருந்துக்கான நேரம் முடிந்துவிடும். நான் ரத்த அழுத்த மெஷினில் மாறுகிற எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் இறங்கி மறுபடி ஏறியது. கடைசியில் ஒருவழியாக இறங்கி நின்றது. புருஷனின் சம்மதமும் வேண்டும் என்றார்கள். மாமா இன்னும் வழியில் இருந்தார், போனில் பிடித்துக் கொடுத்தேன். அங்கிருந்த டாக்டர் ஆபத்தையெல்லாம் சொல்லி முடித்ததும் மாமா என்னைக் கேட்டார்.

“மலரு, நெசமா பதினோரு மணிதானா?”

“எம் புள்ள மேல சத்தியம் மாமா.”

வேன் இரைச்சலுக்கு மேலே அவர் குரலை உயர்த்தினார்.

“போடச் சொல்லு,” என்றார்.

முதலில் ஊசியாகக் கொஞ்சம், மீதியைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். நர்ஸ் அடிக்கடி வந்து கண்ணைப் பார்த்தாள், கையைத் தூக்கிப் பார்த்தாள். தலை வலித்தால், வாந்தி வந்தால் உடனே கூப்பிடு, கசிவு தொடங்கினால் அப்படித்தான் தெரியும் என்றாள். நான் இமைக்கவில்லை. ரத்தம் கசிந்துவிட்டால் என்று நினைக்கும்போதெல்லாம் மாமா கேட்ட கேள்வி வந்து நின்றது. எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன், யாரையும் விடவில்லை.

மருந்து பாதி இறங்கியிருக்கும். அக்கா முகத்தைச் சுளித்து நெற்றியில் கை வைத்தாள். என் உயிரே போய்விட்டது. “மிஸ்ஸி! தல வலிக்குது அவளுக்கு!” என்று அலறினேன். நர்ஸ் ஓடிவந்து குழாயில் கை வைத்தாள், நிறுத்துவதற்கு. பிறகு குனிந்து அக்காவைப் பார்த்தாள். நெற்றிக் குங்குமம் வியர்வையில் கரைந்து கண்ணில் இறங்கியிருந்தது. அக்கா அதைத் துடைத்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

“எந்தக் கையால் துடைக்கிறார் பார்,” என்றாள் நர்ஸ்.

இடது கை. விரல் சரியாக மடங்கவில்லை, இருந்தாலும் துடைத்தது. நான் அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

நாலாம் நாள் வார்டில் அக்கா தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்தாள். இடது கால் மட்டும் கொஞ்சம் இழுத்தது. பேச்சு மெதுவாக, தடித்து வந்தது. ஆனால் வார்த்தை புரிந்தது. மாமா பக்கத்திலேயே இருந்தார், எல்லாப் பணிவிடையும் செய்தார், ஆனால் அவளிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. லயத்திலிருந்து ஒரு ஈ காக்காகூட வந்து எட்டிப் பார்க்கவில்லை. அம்மன் வேஷம் போட்டவளாம், அதைக் காட்டிக் கொடுத்தவளாம். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே சாபம்.

அன்று தங்கையா வந்தார். ஒரு பை ஆரஞ்சைக் கட்டிலில் வைத்துவிட்டு நின்றுகொண்டே பேசினார்.

“கமிட்டில பேசிட்டோம் ரஞ்சிதம். வர்ற வருஷம் கரகம் வேற ஆளு எடுக்கட்டும்.”

அக்கா தலையை மட்டும் ஆட்டினாள். அவர் அதோடு போயிருக்கலாம். போக முடியவில்லை அவருக்கு.

“ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். இத்தன வருஷமா வாக்குன்னு சொன்னியே. லயத்துக்குத் தண்ணிக் கொழா போடச் சொன்னது, எம் மவ படிப்பு, இவன் குடி... அம்புட்டும் நீயாத்தான் சொன்னதா?”

மாமா ஜன்னலோரம் நின்றவர் திரும்பினார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு, கொக்கி மட்டும்தான் நீ, மற்றதெல்லாம் அம்மன் என்று சொல்லிவிடு என்று மனசுக்குள் கெஞ்சினேன். எவ்வளவு வருஷமாக நான் கேட்க ஆசைப்பட்ட கேள்வி அது. இப்போது பதிலே வேண்டாம் என்றிருந்தது.

அக்கா கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துச் சொன்னாள்.

“எனக்குத் தெரியல. அவ சொன்னாளோ, நான் சொன்னேனோ. நாந்தான்னு வச்சிக்குங்க.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “அதுல எது கெட்டுப் போச்சு? சொல்லுங்க.”

தங்கையாவின் மகள் சுபத்ரா மாசாமாசம் கம்பாரிலிருந்து வந்து அவருக்கு மருந்து வாங்கிக் கொடுக்கிறாள், அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் ஆரஞ்சுப் பையை அக்கா பக்கமாக நகர்த்தி வைத்தார்.

மாமா கட்டிலருகே வந்தார். இந்த நாலு நாளில் அவர் அவள் முகத்தை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

“அப்ப நான் குடிய வுட்டது... ஒம் பேச்சக் கேட்டா?”

“ஆமா.”

“சாமி சொல்லுச்சுன்னு நெனச்சுல்ல வுட்டேன். பொண்டாட்டி சொன்னான்னா வுட்டிருப்பனா?”

“வுட்டிருக்க மாட்ட. எனக்குத் தெரியாதா?”

“அப்ப இனிமே நான் குடிச்சா?”

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கண் செருகவில்லை, நாக்கு வெளியே வரவில்லை.

“குடிச்சுத்தான் பாரேன்,” என்றாள்.

மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு ஆரஞ்சை எடுத்து அவளுக்கு உரிக்க ஆரம்பித்தார்.